7805-ஐ மாற்றுவதற்கு முன்: லீனியர் ரெகுலேட்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பக்கத்து வீட்டு அண்ணன் மாடித் தொட்டிக்கு ஒரு தானியங்கி போர்டு மாட்டியிருக்கிறார். தண்ணீர் இறங்கினால் மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் அந்த போர்டு, சாயங்காலம் ஆறரை மணி ஆனதும் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலேவை கடகடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். மெக்கானிக் ஒருவர் வந்து 7805-ஐ மாற்றினார், அதாவது உள்ளே வரும் வோல்ட்டேஜைக் குறைத்து 5 வோல்ட்டில் நிறுத்தும் மூன்று கால் லீனியர் ரெகுலேட்டர் ஐசியை. ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை, மறுபடி மாற்றினார். மூன்றாவது 7805-உம் அப்படியே ஆனபோது போர்டு என் மேசைக்கு வந்தது.

அந்த போர்டை எப்படிச் சரிசெய்தேன் என்பது கீழே வரும். அதற்கு முன் ஒன்று: பவர் சப்ளையில் கோளாறு என்றால் எல்லாரும் முதலில் ரெகுலேட்டரைத்தான் கழற்றுகிறோம். நான் பார்த்த வரையில் அது கெட்டுப்போவது அபூர்வம். அதற்கு முன்னால் இருக்கும் கெபாசிட்டரோ, பின்னால் இருந்து மின்சாரத்தை எடுக்கும் லோடோ, அடியில் பூஜ்ய வோல்ட்டாக நிற்க வேண்டிய கிரவுண்ட் இணைப்போதான் பெரும்பாலும் காரணம்.

உள்ளே என்ன நடக்கிறது

உள்ளே வரும் கரண்ட் ஒரு பவர் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் வெளியே போக முடியும். அதைக் குழாயின் திருகு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் வோல்ட்டேஜில் ஒரு பங்கை இரண்டு ரெசிஸ்டர்கள் பிரித்து எடுத்து ஓர் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கின்றன. ஆம்ப்ளிஃபயரின் இன்னொரு பக்கத்தில், எது மாறினாலும் மாறாத ஒரு சிறு வோல்ட்டேஜ் இருக்கிறது. வெளியே வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினால் ஆம்ப்ளிஃபயர் திருகைத் திறக்கும், ஏறினால் மூடும். லோடு கூடினாலும் குறைந்தாலும், உள்ளே வருவது ஏறி இறங்கினாலும், ஆம்ப்ளிஃபயரின் கை இந்தத் திருகின் மேலேயே இருக்கும்.

அந்த மாறாத வோல்ட்டேஜ் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ், சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஆனால் வேறு வேறு கரண்ட் அடர்த்தியில் ஓடும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ்களுக்கு உள்ள வித்தியாசம், சூடு ஏற ஏறக் கூடும். குறைவதையும் கூடுவதையும் சரியான விகிதத்தில் சேர்த்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, சுமார் 1.2 வோல்ட்டில் நிற்கும். பேண்ட்கேப் ரெஃபரென்ஸ் என்ற இந்த உத்தியை ஐசிக்குள் கொண்டுவந்தவர் நேஷனல் செமிகண்டக்டரில் வேலை பார்த்த பாப் விட்லர். அதே நிறுவனத்தில் ராபர்ட் டாப்கின் 1976-ல் வடிவமைத்த, வேண்டிய வோல்ட்டேஜுக்கு நாமே அமைத்துக்கொள்ளும் ரெகுலேட்டரான எல்எம்317-ன் புகழ்பெற்ற 1.25 வோல்ட்டும் இப்படி வருவதுதான்.

சரி, திருகு என்று புரிந்துகொண்டால் மூன்று விஷயங்கள் தானாக விளங்கும். திருகால் குறைக்க மட்டுமே முடியும், இல்லாத தண்ணீரை அதனால் கொண்டுவர முடியாது. 7805-க்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் இருந்தால்தான் வெளியே 5 வரும், அந்த 2 வோல்ட் இடைவெளிக்குத்தான் டிராப்-அவுட் என்று பெயர். அடுத்தது, குறைத்த வோல்ட்டேஜ் எங்கும் காணாமல் போவதில்லை, அங்கேயே சூடாகிறது. கடைசியாக, ரெகுலேட்டருக்கு 5 வோல்ட் என்பது தன் கிரவுண்ட் காலிலிருந்து 5 வோல்ட். அந்தக் கால் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அது எண்ணும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும்.

அளப்பதற்கு முன்

230 வோல்ட் பக்கத்தில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், மஞ்சள் அல்லது நீலப் பெட்டி மாதிரி ஒரு கெபாசிட்டர் வழியாகவே மின்சாரம் இறங்கினால், அந்த போர்டு முழுவதும் 230 வோல்ட் மெயின்ஸில் தொங்குகிறது என்று அர்த்தம். கிரவுண்ட் என்று நினைத்துத் தொடும் இடத்திலும் ஷாக் அடிக்கும். அதைப் பழக்கமில்லாதவர்கள் மேசையில் திறந்து வைத்து அளக்க வேண்டாம். இங்கே நான் சொல்வதெல்லாம் டிரான்ஸ்ஃபார்மரோ அடாப்டரோ உள்ள போர்டுகளுக்குத்தான்.

மல்டிமீட்டரின் பேட்டரியை முதலில் பாருங்கள். பேட்டரி இறங்கிய டிஜிட்டல் மீட்டர் பல நேரம் அதிகமாகக் காட்டும், 5.6 வோல்ட் வருகிறது என்று பதறி நான் நல்ல ஐசி ஒன்றைக் கழற்றியிருக்கிறேன்.

கருப்பு முனையை ரெகுலேட்டரின் கிரவுண்ட் காலிலேயே வையுங்கள். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று அளவு எடுக்க வேண்டும்: உள்ளே வரும் டிசி, வெளியே போகும் டிசி, அப்புறம் உள்ளே வரும் டிசியின் மேல் ஏறி நிற்கும் ஏசி, அதாவது ரிப்பிள். மூன்றாவதைத்தான் யாரும் எடுப்பதில்லை. விலை குறைந்த மீட்டர்களில் ஏசி ரேஞ்ச், டிசியையும் ஏசி என்று எண்ணிக்கொண்டு தப்பான கணக்குக் காட்டும். சிவப்பு முனைக்குத் தொடராக 50 வோல்ட் தாங்கும் ஒரு மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை வைத்து அளந்தால் டிசி தடுக்கப்பட்டு ரிப்பிள் மட்டும் மீட்டருக்குப் போகும். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ரிப்பிள் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

கால்களின் வரிசையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுத்து நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி 7805-ஐப் பிடித்தால் இடமிருந்து வலமாக உள்ளீடு, கிரவுண்ட், வெளியீடு. மைனஸ் 5 வோல்ட் தரும் 7905-க்கு கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. எல்எம்317-க்கு அட்ஜஸ்ட், வெளியீடு, உள்ளீடு. சின்ன டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும் 78எல்05, தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க வெளியீடு, கிரவுண்ட், உள்ளீடு. அண்ணன் தம்பி என்று பெயர் இருந்தாலும் 7805-க்கு நேர் எதிர். புதிதாகச் செய்த போர்டு வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வெளியே ஒன்றுமே வரவில்லை

உள்ளே வோல்ட்டேஜ் இல்லை என்றால் ரெகுலேட்டரை விட்டுவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு பிரிட்ஜ், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் பிரைமரி, அதாவது 230 வோல்ட் பக்கச் சுற்றுக்குள்ளேயே ஒரு வெப்ப ஃபியூஸ் புதைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரைமரியின் ஓம் அளவைப் பார்த்தால் தெரியும்.

உள்ளே 11 வோல்ட் இருக்கிறது, வெளியே அரை வோல்ட் கூட இல்லை, ஐசி தொட முடியாத சூடு என்றால் வெளியே எங்கோ ஷார்ட். ரெகுலேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கரண்டைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அது கெட்டுப்போகவில்லை, தன் வேலையைத்தான் செய்கிறது. மின்சாரத்தை நிறுத்தி லோடைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். 5 வந்துவிட்டால் குற்றம் லோடில். லோடு இல்லாமலும் வரவில்லையா, வெளியீட்டுக் கெபாசிட்டரைச் சந்தேகியுங்கள், குறிப்பாக டேண்டலம் வகைக் கெபாசிட்டர் என்றால். அவை கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். முனை மாற்றிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

உள்ளே போவது அப்படியே வெளியே வருகிறது

5 வர வேண்டிய இடத்தில் 10, 11 என்று காட்டினால், எதையும் யோசிக்கும் முன் லோடைக் கழற்றுங்கள். போர்டின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் ஏற்கெனவே போயிருக்கலாம், ஆனாலும் கழற்றுங்கள்.

இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் உண்டு. பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்படியென்றால் ஐசி உண்மையிலேயே செத்துவிட்டது. இல்லையென்றால் கிரவுண்ட் கால் அந்தரத்தில் தொங்குகிறது. சூட்டை வெளியேற்ற ஐசியின் முதுகில் மாட்டும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் எடை கால்களில் இறங்கி, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து, நடுக்காலின் சால்டரைச் சுற்றி முடியளவு வளையமாக ஒரு விரிசல் விழும். கிரவுண்ட் இல்லாத ரெகுலேட்டருக்கு எதிலிருந்து எண்ணுவது என்று தெரியாது. வெளியீடு மேலே ஏறி உள்ளீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

கண்டுபிடிக்க, கருப்பு முனையை, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டரின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் ரெகுலேட்டரின் நடுக்காலைத் தொடுங்கள். போர்டின் தடத்தைத் தொடக் கூடாது, காலின் உலோகத்தைத் தொட வேண்டும். சில மில்லிவோல்ட் வந்தால் கிரவுண்ட் நன்றாக இருக்கிறது, ஐசியை மாற்றலாம். வோல்ட் கணக்கில் வந்தால் சால்டரிங் அயர்னை எடுத்து அந்தக் காலை ஒரு முறை சூடாக்கிப் புது ஈயம் வைத்தால் வேலை முடிந்தது.

இதன் சிறிய வடிவம் ஒன்று உண்டு. வெளியே 5.3, 5.4 என்று நிற்கும், லோடுக்கு ஏற்ப நகரும். நடுக்காலிலிருந்து போகும் தடம் மெலிதாக இருந்து, லோடின் கரண்டும் அதே தடத்தில் திரும்பினால், அங்கே விழும் வோல்ட்டேஜ் கிரவுண்டையே கொஞ்சம் தூக்கிவிடும். பிரெட்போர்டில் செய்தவர்களுக்கு இது தினமும் நடக்கிற சமாசாரம்.

லோடு போட்டால் இறங்குகிறது, ரிலே அடிக்கிறது, ஸ்பீக்கர் உறுமுகிறது

அண்ணனின் போர்டு இந்த ரகம். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 1என்4007 டயோடு, ஒரு 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், ஒரு 7805. லோடு என்று பார்த்தால் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், சில எல்இடிகள், ஒரு 5 வோல்ட் ரிலே. எல்லாம் சேர்த்து 150 மில்லிஆம்பியர் இருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 9 வோல்ட் என்பது ஏசியின் ஆர்எம்எஸ், அதாவது மீட்டர் காட்டும் அளவு; அலையின் உச்சம் 12.7. பிரிட்ஜில் இரண்டு டயோடு சேர்ந்து 1.4 சாப்பிடும். கெபாசிட்டரில் மிச்சம் 11.3. நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜுக்குப் பின் விநாடிக்கு 100 உச்சம், அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஒரு உச்சத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் லோடைத் தாங்குவது கெபாசிட்டர் மட்டும்தான். கரண்டை நேரத்தால் பெருக்கிக் கெபாசிட்டன்ஸால் வகுத்தால் எவ்வளவு இறங்குகிறது என்று வரும்: 0.15 ஆம்பியர், 0.01 விநாடி, 1000 மைக்ரோ ஃபாரட் என்றால் ஒன்றரை வோல்ட். உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும், ஆனால் வடிவமைப்புக்கு இந்தக் கணக்கே பத்திரமானது. 11.3-ல் 1.5 போனால் பள்ளத்தில் 9.8. 7-க்கு மேலே இருக்கிறது, பிரச்சினை இல்லை.

இப்போது சாயங்காலத்துக்கு வாருங்கள். தெருவில் எல்லாரும் எல்லாவற்றையும் போட்டிருக்கும் நேரம். அண்ணன் வீட்டில் அளந்தால் 178 வோல்ட். 9 வோல்ட் இப்போது 7 வோல்ட் ஆகிவிட்டது. கெபாசிட்டரில் உச்சம் 8.5. ஒன்றரை இறங்கினால் பள்ளம் 7.0. மயிரிழையில் தப்பிக்கலாம், கெபாசிட்டர் புதிதாக இருந்தால். அந்தக் கெபாசிட்டரோ ஐந்து வருடம் ஹீட் சிங்க்குக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்து வெந்தது. கழற்றி அளந்தபோது 1000-க்குப் பதில் 310 மைக்ரோ ஃபாரட்தான் காட்டியது. பள்ளம் 4 வோல்ட் பக்கம் போய்விடுகிறது.

7-க்குக் கீழே போனதும் திருகு முழுக்கத் திறந்துவிடும். அதற்கு மேல் திறக்க ஒன்றும் இல்லை. உள்ளே இருக்கும் பள்ளம் அப்படியே வெளியேயும் வரும், விநாடிக்கு நூறு தடவை. டிசி ரேஞ்சில் மீட்டர் சராசரியைக் காட்டுவதால் 4.6, 4.7 என்று ஏதோ லேசாகக் குறைந்த மாதிரிதான் தெரியும். பார்க்கிறவர் உடனே ஐசி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். ரிலே அடித்ததும் இதனால்தான். ரிலே இழுத்ததும் லோடு கூடுகிறது, பள்ளம் ஆழமாகிறது, மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகி ரிலேவை விடுகிறது, லோடு குறைந்து வோல்ட்டேஜ் ஏறுகிறது, மறுபடி ரிலே இழுக்கிறது. மூன்று 7805-ம் இந்தச் சுற்றில் வெறும் பார்வையாளர்கள்.

1000 இருந்த இடத்தில் 3300 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட், 105 டிகிரி வகைக் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டேன், ஹீட் சிங்க்கிலிருந்து தள்ளி. இறக்கம் அரை வோல்ட்டுக்கும் கீழே வந்தது. 178 வோல்ட்டிலும் பள்ளம் 8-ஐ விட்டு இறங்கவில்லை. ஆசைப்பட்டு 10,000 என்று போடத் தேவையில்லை. பெரிய கெபாசிட்டர் ஒவ்வொரு உச்சத்திலும் குறுகிய நேரத்தில் பெரும் கரண்டை இழுக்கும், டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும்.

ஆம்ப்ளிஃபயரில் உறுமல் என்றால் காதே போதும். 100 ஹெர்ட்ஸ் உறுமல் வறண்ட கெபாசிட்டர். ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில், கனமாக உறுமினால் பிரிட்ஜில் ஒரு டயோடு ஓப்பன் ஆகிப் பாதி அலைதான் வருகிறது.

பத்து நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது, ஆறியதும் தானே ஓடுகிறது

இது வெப்ப நிறுத்தம். உள்ளே இருக்கும் சிலிக்கான் சிப் 150 டிகிரியைத் தாண்டியதும் ஐசி தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. சோதிக்க ஒரு மேசை விசிறி போதும். விசிறியைத் திருப்பி வைத்ததும் வோல்ட்டேஜ் ஏறினால் வேறு எதையும் தேட வேண்டாம்.

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட், அரை ஆம்பியர் எடுக்கிறீர்கள். ஐசியில் விழுவது 7 வோல்ட், பெருக்கினால் 3.5 வாட். ஹீட் சிங்க் இல்லாத 7805, ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். 3.5 வாட்டுக்கு 227 டிகிரி, அறை வெப்பத்துக்கு மேல். ஏறாது, அதற்கு முன்பே மூடிக்கொள்ளும். சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் 40 டிகிரி, சிலிக்கானுக்கு உச்ச வரம்பு 125 டிகிரி என்று வைத்தால், ஹீட் சிங்க் இல்லாமல் 1.3 வாட்தான் தாங்கும். 12-லிருந்து 5 என்றால் அது வெறும் 185 மில்லிஆம்பியர். ஐசியின் மேல் 1 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த 1 ஆம்பியர் ஹீட் சிங்க்கோடு சேர்ந்த கணக்கு.

விரலை வைத்து இரண்டு விநாடிக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்றால் மேல்புறம் 60 டிகிரியைத் தாண்டிவிட்டது. அது மட்டுமே கோளாறு ஆகாது, ஹீட் சிங்க்கைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம்.

ஹீட் சிங்க் மாட்டும்போது முதுகுத் தகடு எந்தக் காலோடு சேர்ந்தது என்று பாருங்கள். 7805-ன் தகடு கிரவுண்ட், நேராக முடுக்கலாம். 317-ன் தகடு வெளியீடு. 7905-ன் தகடு உள்ளீடு. பிளஸ் மைனஸ் சப்ளையில் 7805-ஐயும் 7905-ஐயும் ஒரே அலுமினியத் துண்டில், மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா ஷீட் இல்லாமல் முடுக்கினால் மைனஸ் உள்ளீடு நேராகக் கிரவுண்டில் ஷார்ட். மைக்கா ஷீட் போட்டாலும் ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ் போட மறந்துவிடுவார்கள். மைக்கா போட்டிருந்தால், மின்சாரம் கொடுக்கும் முன் தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் தொடர்பு இல்லையே என்று மீட்டரின் கன்டினியூட்டியில் பார்த்துவிடுங்கள்.

ஹீட் சிங்க்குக்கு இடமில்லையா, உள்ளீட்டில் ஒரு ரெசிஸ்டர் போட்டுச் சூட்டைப் பங்கு போடலாம். மேலே சொன்ன கணக்கில் 6.8 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் 3.4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், ஐசியில் 3.5 வாட்டுக்குப் பதில் 1.8 வாட்தான் விழும். உச்ச லோடிலும் ஐசியின் வாசலில் 7 வோல்ட் மிஞ்ச வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். 24 வோல்ட்டிலிருந்து 5 எடுக்கிறேன், ஒரு ஆம்பியர் வேண்டும் என்றால் லீனியர் ரெகுலேட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள், வோல்ட்டேஜைச் சூடாக வீணாக்காமல் சுவிட்ச் செய்து குறைக்கும் பக் கன்வர்ட்டர் மாட்யூல் வாங்குங்கள்.

வோல்ட்டேஜ் சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் போர்டு கிறுக்குத்தனம் செய்கிறது

காரணமில்லாத ரீசெட், வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியின் அளவு ஆடுவது, லோடே இல்லாமல் ஐசி சூடாவது. இதெல்லாம் ரெகுலேட்டர் அலைவதன் அறிகுறி, ஆசிலேஷன். குழாயில் கை வைத்திருப்பவனுக்குத் தகவல் தாமதமாக வந்தால் என்ன செய்வான்? தண்ணீர் குறைந்ததாக நினைத்துத் திறப்பான், அதற்குள் கூடிவிட்டிருக்கும், மூடுவான், அதற்குள் குறைந்துவிட்டிருக்கும். அதே கதைதான், இங்கே விநாடிக்குப் பல ஆயிரம் தடவை.

7805 இந்த விஷயத்தில் சாது. ஃபில்டர் கெபாசிட்டர் நீண்ட வயரின் அந்தப் பக்கம் இருந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். உள்ளீட்டுக் காலுக்கு ஒட்டி 0.33, வெளியீட்டுக் காலுக்கு ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் போட்டால் அடங்கிவிடும். ஒட்டி என்றால் கால் அங்குலத்துக்குள்.

7805-ஐவிடக் குறைந்த டிராப்-அவுட் உள்ள 1117 ரெகுலேட்டர் குடும்பம் வேறு ஜாதி. அதன் வெளியீட்டுக் கெபாசிட்டருக்குக் கொஞ்சம் உள் ரெசிஸ்டன்ஸ் இருந்தே ஆக வேண்டும், எல்எம்1117-க்கு 0.3 முதல் 22 ஓம் வரை என்று தகவல் தாளிலேயே இருக்கிறது. அந்தச் சின்ன ரெசிஸ்டன்ஸ்தான் கைக்குத் தகவலைச் சீக்கிரம் கொண்டுபோகிறது. நல்ல கெபாசிட்டர் என்று நினைத்து செராமிக் மட்டும் போட்டால் அதன் உள் ரெசிஸ்டன்ஸ் ஓமில் நூறில் சில பங்குதான், ஐசி அலைய ஆரம்பிக்கலாம். தரம் உயர்ந்த பொருளைப் போட்டதால் கெட்டுப்போகும் அபூர்வமான இடம் இது. டேண்டலமோ சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கோ போடுங்கள், அல்லது செராமிக்குக்குத் தொடராக அரை ஓம்.

317-ல் போட்ட கணக்கு வரவில்லை

வெளி வோல்ட்டேஜ் = 1.25 × (1 + ஆர்2 ÷ ஆர்1). வெளியீட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் ஆர்1, அங்கிருந்து கிரவுண்டுக்கு ஆர்2. முதலில் வெளியீட்டுக் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 1.25 பக்கம் இருந்தால் ஐசி நலம், குற்றம் ரெசிஸ்டர்களில். வெளியே 1.25 மட்டுமே வந்தால் ஆர்2 ஷார்ட், அல்லது ஆர்1 ஓப்பன். உள்ளீட்டை ஒட்டி ஏறி நின்றால் ஆர்2 ஓப்பன். திருகி வைக்கும் பொட்டன்ஷியோமீட்டரைப் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், உள்ளே தேய்ந்து ஒரு கணம் தொடர்பு விட்டால் போதும். ஒரே வோல்ட்டேஜ்தான் வேண்டும் என்றால் அதைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள்.

லோடு இல்லாதபோது மட்டும் ஏறிப்போகிறது என்றால் ஆர்1 பெரிதாகிவிட்டது. 317-க்குச் சில மில்லிஆம்பியராவது வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும், மோசமான ஐசிக்கு 10 வரை. 240 ஓம் போட்டால் 5.2 மில்லிஆம்பியர் அதன் வழியாகவே ஓடிவிடும். கையில் இருக்கிறதே என்று ஒரு கிலோ ஓம் போட்டால் 1.25 மில்லிஆம்பியர்தான்.

இன்னொன்று, ஆர்1-ஐ லோடுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இணைக்காதீர்கள். ஐசியின் வெளியீட்டுக் காலிலேயே இணையுங்கள். தூரத்தில் இணைத்தால் இடையிலுள்ள வயரில் விழும் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் பெருகும். 15 வோல்ட் சப்ளையில் அது பன்னிரண்டு மடங்கு.

பேட்டரியில் 3.3 வரவில்லை

ஒரே பத்தியில் முடித்துவிடலாம். 3.3 வோல்ட் தரும் ஏஎம்எஸ்1117-3.3, எல்டிஓ, அதாவது குறைந்த டிராப்-அவுட் என்ற பெயரில் விற்றாலும் அதன் டிராப்-அவுட் முழு லோடில் சுமார் 1.1 வோல்ட். லித்தியம் செல் நிறைந்திருக்கும்போதே 4.2. கழித்தால் 3.1. அதிலும் வைஃபை சிப் திடீரென்று கரண்டை இழுக்கும்போது செல்லே தாழ்ந்து, சிப் ரீசெட் ஆகும். கால் வோல்ட்டுக்குள் டிராப்-அவுட் உள்ள வேறு ரெகுலேட்டர் போடாமல் இதற்கு வைத்தியம் கிடையாது.

புதிது போட்டாலும் செத்துப்போகிறது

இங்கே ஐசி உண்மையாகவே சாகிறது, ஆனால் கொல்வது வேறொருவர். ரிலே காயிலுக்கு எதிர்த்திசை டயோடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை ரிலே விடும்போதும் ஓர் அடி விழும்.

வெளியீட்டில் பெரிய கெபாசிட்டர் இருந்து, அணைத்ததும் உள்ளீடு சீக்கிரம் வடிந்துபோனால், வெளியீட்டிலிருந்து கரண்ட் தலைகீழாக ஐசிக்குள் பாயும். ஒரு 1என்4007 போதும்: கோடு போட்ட முனை உள்ளீட்டில், மறுமுனை வெளியீட்டில். யுஎஸ்பியில் செருகி புரோகிராம் ஏற்றும்போது உள்ளீடு காலியாக இருக்க வெளியீட்டில் 5 வோல்ட் வருவதும் இதே தலைகீழ்தான். அந்த நேரத்தில் ஐசி வெதுவெதுப்பாக இருந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

7805-ன் உள்ளீட்டு வரம்பு 35 வோல்ட். 24 வோல்ட் அடாப்டர்தானே என்று நினைக்கலாம். நீண்ட வயரோடு அதை மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகினால், உள்ளீட்டில் செராமிக் கெபாசிட்டர் மட்டும் இருந்தால், வயரின் இண்டக்டன்ஸும் கெபாசிட்டரும் ஊஞ்சலாடி ஒரு கணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போகும். கூடவே ஒரு 47 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் போட்டால் ஊஞ்சல் நின்றுவிடும். பைக்கிலும் காரிலும் மாட்டும் போர்டுகளுக்கு வாசலில், திடீரென எகிறும் வோல்ட்டேஜைப் பிடித்து நிறுத்தும் ஒரு சர்ஜ் சப்ரஸர் டயோடு கட்டாயம்.

கழற்றிய ஐசி நல்லதா கெட்டதா என்று சந்தேகமென்றால் தனியே சோதித்துவிடுங்கள். 12 வோல்ட் அடாப்டர், உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோ ஃபாரட், லோடாக 47 ஓம் 1 வாட் ரெசிஸ்டர். சுமார் 105 மில்லிஆம்பியர் ஓடும், ஹீட் சிங்க் வேண்டாம். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, 4.8-க்கும் 5.2-க்கும் நடுவில் நின்றால் அது நல்ல ஐசி. அண்ணன் போர்டிலிருந்து கழற்றிய பழைய இரண்டையும் இப்படிப் பார்த்தேன். ஒன்று 4.97, இன்னொன்று 5.02. இரண்டும் என் டப்பாவில் கிடக்கின்றன, அடுத்த போர்டுக்கு.